மழைக்குச் சாதி இல்லை, மேட்டு நிலத்துக்கு இருக்கிறது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பத்து நாள் கழித்து அந்தப் பக்கத்தில் ஒரு சேரிக்குச் சேதக் கணக்கெடுக்கப் போனோம். கையில் இருந்த படிவத்தை அரசுப் படிவத்தைப் பார்த்து நாங்களே தயாரித்திருந்தோம். நிலம் எத்தனை ஏக்கர், தென்னை எத்தனை, மாடு எத்தனை, படகு உண்டா, வீடு ஓட்டு வீடா, காங்கிரீட்டா, குடிசையா என்று வரிசையாகக் கட்டங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். நிலம் இல்லை. மாடு இல்லை. படகு இல்லை. தென்னை எத்தனை என்று கேட்டபோது அவர் சொன்னார்: “எங்கிட்ட ஏது தம்பி மரம்? தோப்புல தேங்கா உரிச்சேன், கீத்து மொடஞ்சேன். இப்ப தோப்பே போயிடுச்சு. அத எந்தக் கட்டத்துல எழுதுவ?”

எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. சமூகவியல் படித்தவர்கள், தலித் உரிமைக்காக வேலை செய்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் தயாரித்த படிவம் அது. ஒருவர் எதை வைத்திருந்தார் என்று மட்டும்தான் அது கேட்டது. எதைச் செய்து பிழைத்தார் என்று கேட்கவில்லை.

பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த விடுபட்ட கட்டம்தான் நமக்கு நினைவுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறோம். பனிக்கரடி, பனிப்பாறை என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, இது யாரோ பணக்காரர்களின் கவலை என்று நம் தோழர்கள் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அப்படி ஒதுங்க முடியாது. இந்த நாட்டின் வானமும் கடலும் எப்படி மாறப்போகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், அது யார் வீட்டுக்குள் முதலில் நுழையும் என்பதும் தெரிந்துவிடும்.

என்ன வரப்போகிறது?

ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் இந்தியப் பகுதியின் பருவநிலை மாற்றம் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. எதிர்க்கட்சியோ தொண்டு நிறுவனமோ எழுதியது அல்ல, அரசே எழுதியது. அதிலிருந்து சில விவரங்களை மனதில் வைத்துக்கொள்வோம்.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. உலகம் கரியமில வாயுவை மேலும் மேலும் கூடுதலாகக் கக்கிக்கொண்டே போனால், இந்த நூற்றாண்டின் கடைசியில் அது 1976-2005 கால சராசரியைவிட சுமார் 4.4 டிகிரி கூடிவிடும். கோடைகால வெப்ப அலைகள் அந்தக் காலத்தில் வந்ததைப்போல் மூன்று நான்கு மடங்கு வரும்.

நம்மைச் சுற்றியுள்ள கடலின் நிலை இன்னும் மோசம். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரிதான். புயலுக்குத் தீனி போடுவது சூடான கடல்நீர். அறிக்கை சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில், அதாவது நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில், மிகக் கடும் புயல்கள் 2000-க்குப் பிறகு கூடியிருக்கின்றன. இனி வரும் புயல்களின் வலு மேலும் கூடும் என்று கணிக்கிறார்கள்.

மழையும் முன்பு மாதிரி இல்லை. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் வெகுநாள் பெய்யாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம்.

கடல்மட்டத்தைப் பார்ப்போம். 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடல் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது. வாயு வெளியேற்றத்தை ஓரளவு கட்டுப்படுத்தினாலும், 1986-2005 காலத்தோடு ஒப்பிட்டால் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 30 சென்டிமீட்டர் உயரும் என்பது கணிப்பு. ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். காவிரிக் கடைமடையில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. கடலும் வயலும் அங்கே கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கின்றன. கடல் சற்று உயர்ந்தாலே மழைவெள்ளம் வடிய மறுக்கும். ஆற்றில் நன்னீர் குறையும்போது உப்புநீர் உள்ளே ஏறும்.

கஜாவைப் பருவநிலை மாற்றம்தான் கொண்டுவந்தது என்று நாம் சொல்லவில்லை. ஒரு தனிப் புயலைக் காட்டி அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் கஜா மாதிரியானவை இனி அடிக்கடி வரும் என்றால், கஜா வந்தபோது என்ன நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

தண்ணீர் எங்கே போய் நிற்கிறது?

பழைய நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். தமிழகச் சராசரி 20 சதவீதம்தான். புயலும் கடலும் முதலில் தொடும் மண்ணில் நம் மக்கள்தான் நெருக்கமாக வாழ்கிறார்கள்.

அந்த மாவட்டங்களுக்குள்ளும் எங்கே வாழ்கிறார்கள் என்று பாருங்கள். கோயிலும் குளமும் அக்கிரகாரமும் ஊர்த்தெருவும் மேட்டில் இருக்கும். சேரி வாய்க்கால் ஓரத்தில், வடிகால் முடியும் இடத்தில், களிமண் பள்ளத்தில் இருக்கும். மழை விட்டு மூன்று நாளில் ஊர்த்தெரு காய்ந்துவிடும். சேரியில் முழங்கால் தண்ணீர் பத்து நாள் நிற்கும். யாரும் தேர்வெழுதி இந்த இடத்தை வாங்கவில்லை. யார் எந்த மண்ணில் குடியிருக்கலாம் என்று பல நூற்றாண்டுகளாகச் சாதி தீர்மானித்து வைத்த வரைபடம் இது. வானிலை ஆய்வு மையத்தின் வரைபடத்தை இதன்மேல் வைத்துப் பார்த்தால்தான் பருவநிலை மாற்றத்தின் முழுப்படம் கிடைக்கும்.

மேட்டு நிலம் நமக்குக் கிடைக்கவே இல்லையா என்றால், காகிதத்தில் கிடைத்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதை மற்றவர்களுக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப்போனது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சாகுபடி செய்யப்படும் நிலப்பரப்பில் பட்டியல் சாதியினரின் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதற்காக. அந்த மண் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே கடைமடைதான். நிலம், கூலி, குடியிருப்பு என்ற மூன்றும் அங்கே தீராமல் கிடக்கின்றன. பருவநிலை மாற்றம் அந்தப் பழைய கணக்கின்மேல்தான் வந்து விழுகிறது.

நிவாரணம் யாரை எண்ணுகிறது?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு வகுத்த 2022-26 காலத்துக்கான விதிமுறையை எடுத்துப் பாருங்கள். சமவெளியில் ஒரு வீடு முழுவதும் இடிந்தால் 1,20,000 ரூபாய். குடிசை போனால் 8,000 ரூபாய். பாசன வசதியுள்ள நிலத்தில் பயிர் போனால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்.

விவசாயிக்குக் கொடுப்பது அதிகம் என்று நாம் சொல்லவில்லை. அதுவும் போதாது. ஆனால் அதே வயலில் நட்டவர், களை எடுத்தவர், அறுக்கக் காத்திருந்தவர் இந்தப் பட்டியலில் எங்கே? பயிர் மூழ்கினால் நிலத்துக்காரருக்கு ஒரு போகம் போகிறது. கூலிக்காரருக்கும் அதே போகம்தான் போகிறது. ஒருவருக்கு அது ‘பயிர்ச்சேதம்’. இன்னொருவருக்கு அதற்குப் பெயரே இல்லை.

விதிமுறையைக் கடைசிவரை படித்தால் ஒரு வரி கண்ணில் படும். வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் இரண்டு பெரியவர்களுக்கு, நூறு நாள் வேலைத் திட்டக் கூலி விகிதத்தில், குறிப்பிட்ட நாட்களுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்கிறது அது. நாங்கள் வேலை செய்த எந்தச் சேரியிலும் இப்படி ஒரு வரி இருப்பதை அறிந்த ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கே வெகுநாள் தெரியாது.

வேலை போன நாளுக்கு அரசு பணம் தர முடியாது என்பதும் உண்மையல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு நிவாரணம் கொடுக்கிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கும் உதவித்தொகை கொடுக்கிறது. இரண்டும் போராடிப் பெற்ற உரிமைகள், நியாயமானவை. கடலுக்குப் போக முடியாத நாளுக்கும் பாத்தியில் இறங்க முடியாத நாளுக்கும் மதிப்பு உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியானால் வயலில் இறங்க முடியாத நாளுக்கும் மதிப்பு உண்டு.

இதையே வெயிலுக்கும் நீட்டிப் பாருங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கை, வெப்பத்தால் 2030-ல் இந்தியா தன் மொத்த வேலைநேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும் என்று கணித்தது. 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம் அது. ஏசி அறையில் இருப்பவர் வேலைநேரத்தை இழக்கப்போவதில்லை. களத்துமேட்டில், செங்கல் சூளையில், தார்ச் சாலையில், சித்தாளாக, துப்புரவுப் பணியில் நிற்பவர்கள்தான் இழப்பார்கள். அங்கே யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தால் 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்கிறோம். ஆனால் செத்தால்தான் கணக்கில் வருவோம் என்பதை ஏற்க முடியாது. உச்சி வெயிலில் வேலையை நிறுத்தினால் கூலி பிடிக்கப்படாது என்ற உத்தரவாதம் இருந்தால்தான் மனிதர் சாகாமல் இருப்பார்.

வெள்ளம் வடிந்த பிறகும் நம் மக்களின் வேலை முடிவதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். தன் வீட்டுக்குள் தண்ணீர் நிற்க, ஊர்க் குப்பையை அள்ளப் போனவர்கள் அவர்களில் உண்டு. ஒவ்வொரு பெருமழைக்கும் இது நடக்கும் என்றால், நகரத்தின் பருவநிலைத் திட்டமே சாதியின் முதுகில்தான் ஏறி நிற்கிறது என்று பொருள்.

“பேரிடரில் போய் சாதி பேசலாமா?”

ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வரும். நல்ல மனிதர்களே கேட்பார்கள். நமக்கு முன்னால் பதில் எழுதி வைத்திருக்கிறது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையில் தலித்துகள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், தண்ணீரும் சாப்பாடும் தனியாகக் கொடுக்கப்பட்டதையும் உள்நாட்டு, பன்னாட்டு மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. படகும் வலையும் இழந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று எடுத்துக்கொண்டதால், உப்பேறிய வயலில் வேலை இழந்த தலித் கூலிகள் பாதிக்கப்பட்டோர் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. பேரிடரில் சாதியைப் பேசியது நாம் அல்ல. சோற்றுப் பந்தியில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

இதைச் சொல்வதால் மீனவர்களுக்கு எதிராகப் பேசுகிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். கடல் ஏறினால் அவர்களின் குப்பமும் போகும். ஒக்கியில் கன்னியாகுமரி மீனவர்கள் கடலிலேயே மாண்டதை நாம் மறக்கவில்லை. இரு பக்கமும் இழப்பவர்களாக இருக்கும்போது, நிவாரணக் கணக்கு நம்மைப் பிரித்து வைக்கிறது. அந்தக் கணக்கை மாற்றச் சொல்லி இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசுவோம். தமிழில் சூழலியல் எழுதுகிற பலர், முன்னோர்கள் ஏரி வெட்டினார்கள், மழைநீரைக் காத்தார்கள், அந்தக் கிராமத்துக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அந்த ஏரிக்கு மண் சுமந்தது யார்? மடை திறந்து கடைசி வயல்வரை நீர் பாய்ச்சிய நீர்க்கட்டி யார்? பல ஊர்களில் அது நம் பாட்டனார்தான். ஊருக்கே நீரைப் பங்கிட்டவர் ஊர்க் கிணற்றில் ஒரு குடம் நீர் எடுக்க முடியாது. அந்தக் கிராமத்துக்குத் திரும்ப நமக்கு விருப்பமில்லை. அவருக்கு இருந்த நீரறிவு நமக்கு வேண்டும். அவரைக் கட்டிப்போட்ட ஏற்பாடு வேண்டாம்.

அண்ணல் அம்பேத்கர் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறார். 1927-ல் மகாடில் குளத்து நீரை அள்ளியதை எல்லோரும் சொல்வோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது அவர் நீர்க்கொள்கையையும் கையில் எடுத்தார் என்பதை அதிகம் சொல்வதில்லை. 1943 தாமோதர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கான பேச்சுவார்த்தைகளைத் தலைமையேற்று நடத்தியவர் அவர். வெள்ளத்தை விதி என்று விட்டுவிடாமல், அரசு பொறுப்பேற்றுத் திட்டமிட வேண்டிய வேலை என்று பார்த்தார். பெரிய அணைகள் பற்றி இன்று நமக்கு வேறு கருத்து இருக்கலாம். அந்தப் பார்வை மட்டும் நமக்குக் கட்டாயம் வேண்டும்.

கடைமடையிலும் நமக்கு முன்னுதாரணம் உண்டு. வெண்மணிக்குப் பிறகு நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத்தர உழைத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர், 1990-களில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியதை எதிர்த்துப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பிறகு 2005-ல் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு உரிமம் பெறும் வழியைத் திறந்துவிட்டார்கள். நில உரிமையும் சூழலும் ஒரே போராட்டம் என்பதை அவர்கள் அப்போதே செய்து காட்டினார்கள்.

என்ன செய்யலாம்?

நமக்குச் சட்டம் இருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-வது பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் சாதியின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது. அதே சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024-ல் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசமைப்பின் 14, 21-வது பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று கூறியிருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் இந்தப் பருவமழைக்கு முன்பே தொடங்கலாம். உங்கள் மாவட்டத்தின் பேரிடர் திட்டத்தை எடுங்கள், கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் பாதுகாப்பு மையம் என்று போட்டிருக்கும் கட்டடத்துக்குச் சேரியிலிருந்து நடந்து பாருங்கள். எத்தனை தூரம், வழியில் எந்தத் தெரு, ராத்திரி பத்து மணிக்கு மழையில் ஒரு கர்ப்பிணிப் பெண் அந்தத் தெரு வழியாகப் போக முடியுமா, சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். சேரியில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எத்தனை வீடு புறம்போக்கில் இருக்கிறது, தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று எழுதுங்கள். ரேஷன் கார்டே இல்லாத இருளர் குடும்பங்களை விட்டுவிடாமல் சேருங்கள். அதைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று. மேட்டு நிலத்தில், பெண்கள் பெயரில், பட்டாவோடு வீடு. அதற்குப் பஞ்சமி நிலத்தை மீட்பதிலிருந்து தொடங்க வேண்டும். புயல், வெள்ளம், கடும் வெயிலால் வேலை இழந்த ஒவ்வொரு நாளுக்கும் கூலி நிவாரணம். எல்லாச் சேதக் கணக்கெடுப்பிலும் சாதிவாரி விவரம், ஏனென்றால் எண்ணாத இழப்பை எந்த அரசும் ஈடு செய்ததில்லை.

வேதாரண்யத்துப் படிவத்தை நாங்கள் பிறகு மாற்றினோம். ‘என்ன வேலை செய்தீர்கள், எத்தனை நாள் போனது, ஒரு நாள் கூலி எவ்வளவு’ என்று மூன்று கட்டங்கள் சேர்த்தோம். அந்த அம்மாவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். வாங்கிப் பார்த்துவிட்டு, “இத அப்பவே கொண்டாந்திருக்கலாம்ல தம்பி?” என்றார். அடுத்த புயலுக்கு முன்பாவது அந்தக் கட்டம் அரசுப் படிவத்தில் ஏற வேண்டும். அதற்கான வேலையை இந்த மழைக்கு முன்பே தொடங்குவோம்.

ஜெய்பீம்.